மழைக்கு வரியா, கூரைக்குக் கட்டணமா?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டனை ஒட்டி இருக்கிறது மான்ட்கோமரி கவுன்ட்டி. கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஓர் உள்ளாட்சிப் பகுதி. அங்கே சொத்து வரி ரசீதில் நீர்த்தரப் பாதுகாப்புக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை வரும். வீட்டின் விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூரை, கார் நிறுத்தும் தளம், சிமென்ட் நடைபாதை என மழைநீர் மண்ணில் இறங்க முடியாத பரப்பைத்தான் கணக்கெடுக்கிறார்கள். 2,406 சதுர அடி ஓர் அலகு.

ஏன் பரப்பு? 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,360 லிட்டர் தண்ணீர் வழியும். அதே இடம் காடாக இருந்தால் பெரும்பகுதியை இலையும் மண்ணும் பிடித்துக்கொள்ளும். கூரையில் விழுந்ததோ சில நிமிடங்களில் வடிகால் வழியாக ஓடைக்குப் போய், வேகத்தில் கரையை அரிக்கும். புல்வெளி உரத்தின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வண்டலோடு செசபீக் விரிகுடாவில் போய்ச் சேரும். அங்கே பாசி பெருகும். அது செத்து மக்கும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீரும். நண்டும் சிப்பியும் தவித்துப்போகும்.

சரி, இதைத் தடுக்க கவுன்ட்டிக்கு என்ன அதிகாரம்? அமெரிக்க அரசியல் சட்டத்தில் கவுன்ட்டி என்ற பேச்சே இல்லை. மாநிலம் கொடுத்தால்தான் அதிகாரம். ஆனால் கடமை மட்டும் மத்திய அரசிடமிருந்து வந்துவிட்டது. தூய நீர்ச் சட்டத்தின் 1987 திருத்தமும் 1990 விதிகளும், ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் பகுதிகளின் மழைநீர் வடிகாலுக்கு உரிமம் கட்டாயம் என்றன.

புதுக் கட்டடங்களைக் கட்டுப்படுத்துவது ஓரளவு எளிது. மேரிலாந்தின் 2007 சட்டப்படி, கட்டுபவரே மழைத்தோட்டம் (மழைநீரைத் தேக்கி மண்ணில் இறக்கும் பள்ளத் தோட்டம்), நீர் ஊடுருவும் தளம் போன்றவற்றை முடிந்தவரை அமைத்து, வழியும் நீரைக் காட்டு நிலத்தின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த விதி வருமுன் கட்டிய தெருக்களையும் கடைவளாகங்களையும் என்ன செய்வது? அவற்றைச் சீர்செய்யப் பொதுப்பணம்தான் வேண்டும். சிக்கலே இங்கேதான்.

வரி என்றால் தேவாலயங்களுக்கு விலக்கு உண்டு. அவற்றின் பெரிய கார் நிறுத்தங்களிலிருந்தும் தண்ணீர் வழியத்தான் செய்கிறது. கட்டணம் என்றால் அவற்றிடமும் வசூலிக்கலாம். ஆனால் கட்டணம் என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. லான்சிங் நகரம் விதித்த மழைநீர்க் கட்டணம் உண்மையில் வரிதான், வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் வசூலித்தது செல்லாது என்று 1998-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2012-இல் மேரிலாந்து மாநிலம், தன் பால்டிமோர் நகரமும் 9 கவுன்ட்டிகளும் மழைநீர்க் கட்டணத்தை வசூலித்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டது. தொகையை அவர்களே முடிவு செய்யலாம். ஃபிரெடரிக் கவுன்ட்டி ஒரு சொத்துக்கு ஒரு சென்ட், அதாவது டாலரில் நூறில் ஒரு பங்கு, என்று வைத்தது! எதிர்ப்பாளர்கள் ‘மழை வரி’ என்று பெயர் சூட்டினார்கள். அதை எதிர்த்துப் பிரசாரம் செய்த லாரி ஹோகன் 2014-இல் ஆளுநர் தேர்தலில் வென்றார். மறு ஆண்டே கட்டாயம் நீங்கியது.

மாசைக் குறைக்கும் கடமை நீங்கவில்லை. வேலைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கவுன்ட்டிகள் மாநிலத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2015 சட்டம் சொன்னது. அந்தச் சண்டையில் கிடைத்த உருப்படியான பலன் இதுதான் என்பேன். மான்ட்கோமரி தன் கட்டணத்தைக் கைவிடவில்லை. வீட்டில் மழைத்தோட்டம் போட்டவர்களுக்கு அதில் தள்ளுபடியும் தருகிறது.