காக்கட்டூ சிக்லிட்: முட்டை ஏன் வெள்ளையாகிறது?

காக்கட்டூ சிக்லிட் என்ற சிறு வண்ணமீனை வாங்கியவர்கள் திரும்ப வந்து கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "முட்டை வைக்குதுங்க, ரெண்டாம் நாளே எல்லாம் வெள்ளையாயிடுது." அநேகமாக மீனில் கோளாறு இருக்காது, தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

இதன் அறிவியல் பெயர் அபிஸ்டோகிராமா ககாட்டுவாய்டெஸ்; பெரு நாட்டு அமேசான் ஓடைகளில் இலைச்சருகு மக்கிக் கிடக்கும் இடங்களில் வாழும் மீன். குட்டை சிக்லிட்களில் இது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் ரகம். போர் தண்ணீரிலும் உயிரோடு இருக்கும், முட்டையும் வைக்கும். ஆனால் கடின நீரில் கரு பிடிப்பது குறைந்துவிடும். கரு பிடிக்காத முட்டையில் பூஞ்சை ஏறிப் பக்கத்து முட்டைக்கும் பரவும்.

டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 150 பிபிஎம்முக்குள், பிஎச் 6 முதல் 6.8 வரை வைத்தால் போதும். உங்கள் போர் தண்ணீர் 800, ஆர்ஓ தண்ணீர் 30 என்றால், ஒன்றுக்கு ஆறு பங்கு ஆர்ஓ கலந்தால் ஏறக்குறைய 140 வரும். வெறும் ஆர்ஓவில் மட்டும் மீனை விடாதீர்கள். காரத்தன்மை துளியும் இல்லாமல் பிஎச் திடீரெனச் சரியும். தொட்டிக்குப் போடும் மணலில் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. நீங்கள் எவ்வளவு ஆர்ஓ ஊற்றினாலும் அது தண்ணீரை மறுபடி கடினமாக்கும்.

ஒரு ஜோடிக்கு இரண்டடி தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், நான்கைந்து காய்ந்த நாட்டுவாதாம் இலை. முட்டையிடக் கொட்டாங்குச்சியைவிட நல்ல குகை கிடையாது. ஓரத்தில் பெண் மட்டும் நுழையும் அளவுக்கு வெட்டி, மணலில் கவிழ்த்து வையுங்கள். அதன் உட்கூரையில்தான் சிவந்த முட்டைகளை ஒட்டுவாள். அன்றிலிருந்து அவள் உடல் பளிச்சென்ற மஞ்சளாகும், கருங்கோடுகள் அழுத்தமாகத் தெரியும், தன்னைவிடப் பெரிய ஆணையே விரட்டுவாள். ஆண் மூலையில் ஒடுங்கி, துடுப்பு கிழிந்து நின்றால் அவனை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். தாயை மட்டும் எடுக்கவே கூடாது. முதல் ஈட்டை அவளே தின்றாலும் பொறுத்திருங்கள், இளம் பெண்களிடம் இது சகஜம்.

வெப்பநிலை 26 டிகிரி இருக்கட்டும். அதைவிட நன்றாக ஏறினால் குஞ்சுகளில் ஆண் மிகும், இறங்கினால் பெண் மிகும். மூன்று நாளில் பொரிந்து, ஏறக்குறைய எட்டாம் நாள் நீந்தும். நீந்தும் அன்றே அவற்றுக்கு இரையாக ஆர்ட்டிமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் வகை) குஞ்சு தயாராக இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் கல் உப்பு, அரை டீஸ்பூன் ஆர்ட்டிமியா முட்டை, அடியிலிருந்து பலமாகக் காற்று. 24 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்தி, மேலே மிதக்கும் முட்டை ஓடுகளை விட்டுவிட்டு, அடியில் சேரும் ஆரஞ்சு நிறக் குஞ்சுகளை மட்டும் உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். மீன் குஞ்சுகள் ஓடுகளைத் தின்றால் குடல் அடைபடும். மீன் குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சாகத் தெரிந்தால் சாப்பிட்டிருக்கின்றன என்று அர்த்தம்.

இந்த நாட்களில் தண்ணீர் மாற்றக் காற்றுக்குழாயைப் பயன்படுத்தி, வெள்ளை வாளியில் இறக்குங்கள். குஞ்சுகள் மணலோடு ஒட்டியே கிடக்கும். வாளியைக் கொட்டுமுன் அடியை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.