உயிர்வாழ் சான்றிதழ்: குறுஞ்செய்தி வந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்

மத்திய அரசின் ஓய்வூதியதாரர்கள் ஆண்டுதோறும் நவம்பரிலும், 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலும் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வேண்டும். ஆதார் வழியாக, கைரேகை போன்றவற்றைப் பதிந்து இதை இணையத்தில் அளிக்கும் ‘ஜீவன் பிரமாண்’ முறை 2014-இல் வந்தது. 2021 முதல் ஆண்ட்ராய்டு கைபேசியில் முகத்தைக் காட்டியும் முடித்துக்கொள்ளலாம். விளம்பரங்கள் இத்துடன் நின்றுவிடுகின்றன. ஓய்வூதியம் நின்றுபோன முதியவர்கள் அலைவது இதற்குப் பிறகுதான்.

பதிவு முடிந்ததும் ‘பிரமாண் ஐடி’ என்ற எண் குறுஞ்செய்தியாக வரும். சான்றிதழ் உருவாகிவிட்டது என்பதற்கு மட்டுமே அது அடையாளம். ஓய்வூதியம் வழங்கும் வங்கி அதை ஏற்றுக்கொண்டது என்று பொருளல்ல. பி.பி.ஓ. எண்ணில் (ஓய்வூதிய ஆணையின் எண்) ஓர் இலக்கம் பிசகினாலும், பட்டியலில் வேறு வங்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டாலும், சான்றிதழ் உருவான பிறகு நிராகரிக்கப்படலாம். ஆகவே சில நாள் கழித்து ஜீவன் பிரமாண் இணையதளத்தில் நிலையைப் பார்ப்பதோடு, வங்கியிலும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நிராகரிக்கப்பட்டிருந்தால் சரியான விவரங்களுடன் புதிதாகப் பதிய வேண்டும்.

தமது பணி ஓய்வூதியத்தோடு, மறைந்த கணவருக்கான குடும்ப ஓய்வூதியமும் பெறும் ஓர் அம்மையாருக்கு, பிரவுசிங் சென்டரில் ஒரு பி.பி.ஓ. எண்ணுக்கு மட்டும் பதிந்து அனுப்பிவிட்டார்கள். குடும்ப ஓய்வூதியம் நின்றதும் வங்கியில் “ஆன்லைனில் பாருங்கள்” என்றார்கள். சென்டரிலோ “பேங்கில் கேளுங்கள்” என்றார்கள். ஒவ்வொரு பி.பி.ஓ. எண்ணுக்கும் தனித்தனிச் சான்றிதழ் வேண்டும் என்ற ஒரு வரியை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

பதிவின்போது மறுமணம், மறுபணி (ஓய்வுக்குப் பின் மீண்டும் வேலையில் சேர்வது) குறித்து இரண்டு கேள்விகள் வரும். அவசரத்தில் பிறர் தவறாகக் குறித்துவிடாமல் அருகிலிருந்து பாருங்கள். உண்மையிலேயே மறுமணம் செய்தவர்களும் மறுபணியில் இருப்பவர்களும் இணையவழியில் அளிக்க முடியாது. நேரில்தான் தர வேண்டும்.

முகப்பதிவில் பலர் தடுக்கி நிற்பது முதற்படியில். செயலி முதலில் கேட்பது ‘ஆபரேட்டர்’, அதாவது கைபேசியை இயக்குபவரின் முகத்தை. மகனோ மகளோ அந்த இடத்தில் பதிந்த பிறகே ஓய்வூதியதாரரின் முகம் பதியப்படும். முகத்தில் நல்ல வெளிச்சம் விழ வேண்டும், கண்ணை இமைக்கவும் வேண்டும். ஆதாரில் பயோமெட்ரிக் பூட்டு (கைரேகை, முகம் போன்றவற்றைப் பிறர் பயன்படுத்தாமல் தடுப்பது) போட்டிருந்தால், திறக்கும்வரை எத்தனை முறை முயன்றாலும் தோல்விதான்.

கைரேகை தேய்ந்துவிட்டது என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்ப முடியாது. ஜீவன் பிரமாணுக்கு ஆதார் கட்டாயமல்ல என்று மத்திய அரசே 2021 மார்ச்சில் அறிவித்துவிட்டது. காகிதச் சான்றிதழை உங்கள் வங்கியின் எந்தக் கிளையிலும் தரலாம். கையொப்பமிட்ட ஒப்புகைச் சீட்டைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அந்தச் சீட்டு இல்லாமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள், ஏனெனில் “எங்களுக்கு வரவில்லை” என்று பின்னாளில் சொல்லப்படும்போது உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான். நடமாட முடியாதவர்கள் அஞ்சலகத்தில் சொன்னால் தபால்காரர் கருவியுடன் வீட்டுக்கே வருவார். பொதுவாக இதற்கான கட்டணம் 70 ரூபாய்.

வருங்கால வைப்பு நிதி நிறுவனம் (இ.பி.எஃப்.ஓ.) வழியாக ஓய்வூதியம் பெறும் இ.பி.எஸ். 95 ஓய்வூதியதாரர்கள் நவம்பர் நெரிசலில் நிற்க வேண்டியதே இல்லை. அவர்கள் எந்த மாதத்திலும் அளிக்கலாம். அளித்த நாளிலிருந்து ஓராண்டுக்கு அது செல்லும். போன நவம்பரில் கொடுத்தோமா, மார்ச்சில் கொடுத்தோமா என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழைப் புதுப்பிக்கிறோம் என்று தொலைபேசியில் பி.பி.ஓ. எண்ணும் ஓ.டி.பி.யும் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். வாட்ஸ்அப்பில் வரும் செயலியையும் நிறுவாதீர்கள்.

ஓய்வூதியம் நின்றுவிட்டாலும் அந்தப் பணம் போய்விடுவதில்லை. சான்றிதழ் ஏற்கப்பட்டதும் நின்ற மாதங்களுக்கான நிலுவையும் வர வேண்டும். வராவிட்டால் வங்கியில் எழுத்து மூலமாக மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மத்திய அரசு ஓய்வூதியதாரர்கள், ஓய்வூதியக் குறைகளுக்கான அரசின் இணையதளமான சிபென்கிராம்ஸ் தளத்தில் அந்த நகலை இணைத்துப் புகாரளிக்கலாம்.