பார்க் கட்டப் பணம் எங்கிருந்து வரும்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகளிலும் பாலக்கோடு, காவேரிப்பட்டணம் போன்ற பேரூராட்சிகளிலும் பார்க் கேட்டு மனு கொடுப்பவர்கள் நிதியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் இடம் யார் பெயரில் இருக்கிறது என்பது தெரியாமல் எந்த ஃபைலும் நகராது.

2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேல் (சுமார் 74 சென்ட்) லேஅவுட் போடுகிறவர், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்காக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் பதிந்து கொடுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை, நிலத்துக்குப் பதிலாக அதன் வழிகாட்டி மதிப்பை (பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் நில விலை) பணமாகக் கட்டிவிடலாம். சிறிய லேஅவுட்டுகள் பலவற்றில் பார்க்கே இல்லாததற்கு இது ஒரு காரணம். அதற்கு மேல் போனால், அதாவது இரண்டரை ஏக்கரைத் தாண்டினால், நிலமாகத்தான் தர வேண்டும். வரைபடத்தில் பச்சை அடித்திருந்தால் மட்டும் போதாது, பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும்.

சரி, இடம் நகராட்சியுடையதுதான் என்று உறுதியாகிவிட்டது. இனி பணம். மத்திய அரசு 2021 அக்டோபரில் ஐந்தாண்டுத் திட்டமாக (2025-26 வரை) தொடங்கிய அம்ருத் 2.0 முக்கியமாகக் குடிநீருக்கான திட்டம், பூங்காவுக்கும் அதில் இடம் உண்டு. 1 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களுக்குச் செலவில் பாதியை மத்திய அரசு தரும் என்பது அதன் விதி. 2011 கணக்கெடுப்பின்படி தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் இதில் வரும். லட்சத்தைத் தாண்டிய ஓசூருக்கு மூன்றில் ஒரு பங்குதான். மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்திலும் பூங்கா கட்டலாம். எம்.பி., எம்.எல்.ஏ. தொகுதி நிதியையும் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அங்கே வகுப்பறையும் நிழற்குடையும் ஏற்கெனவே வரிசையில் நிற்கும்.

தெருக்காரர்கள் தாங்களே தொடங்கக்கூடியது 'நமக்கு நாமே' திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். நடைபாதை, வேலி, நாலு பெஞ்ச், ஊஞ்சல் எல்லாம் சேர்த்து எஸ்டிமேட் 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மக்கள் பங்கு 5 லட்சம். நூறு வீடு சேர்ந்தால் வீட்டுக்கு 5,000 ரூபாய். ஒரே ஆளோ ஒரு கம்பெனியோ முழுப் பங்கையும் கொடுக்கலாம். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்க இதைவிட நல்ல வழி இல்லை என்பேன்.

இவை எல்லாமே கட்டுவதற்கான பணம். தண்ணீர் ஊற்றவும் வாட்ச்மேனுக்குச் சம்பளம் தரவும் நகராட்சி தன் வரி வருமானத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும். மனுவிலேயே பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்று எழுதிக் கேளுங்கள்.

மனுவை நகராட்சியில் ஆணையரிடமும் பேரூராட்சியில் செயல் அலுவலரிடமும் கொடுங்கள். அதற்கு முன் தானப்பத்திர நகலைக் கேட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.