சர்நேம் கட்டத்தில் யார் பெயர்?

தம்பி ஆஸ்திரேலியாவில் படிக்க விண்ணப்பித்திருந்தான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பதில் வந்தது, 'டியர் மிஸ்டர் முனியாண்டி' என்று. முனியாண்டி எங்கள் அப்பா. காலமெல்லாம் ரப்பர் மரத்தில் பால்வெட்டி ஓய்ந்து, அதற்கு மூன்று வருடம் முன்புதான் காலமானார். "செத்தவர எதுக்குடா படிக்கக் கூப்புடுறாங்க?" என்றார் அம்மா.

வினை 'சர்நேம்' என்ற கட்டத்தில் இருந்தது. தம்பி அதில் அப்பா பெயரை எழுதியிருந்தான். வேறு எதை எழுதுவான்?

சர்நேம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். 'சுர்' என்றால் மேல், 'நோம்' என்றால் பெயர். சொந்தப் பெயரின் மேல் ஏறி உட்கார்ந்த கூடுதல் பெயர். முதலில் அடையாளத்துக்கு ஒட்டிக்கொண்டது, போகப்போகப் பரம்பரைச் சொத்தாகிவிட்டது. ஸ்மித் என்றால் கொல்லன். இன்றைய ஸ்மித் வீட்டில் சுத்தியல்கூட இருக்காது. ஜான்சன் ஒரு காலத்தில் ஜானின் மகன். இப்போது தாத்தாவும் ஜான்சன், பேரனும் ஜான்சன். நம் கடைத்தெருத் தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், 'டான்' அப்படியே, ஆனால் முன்னால் நிற்கும். சீன மொழி வகைகளில், ஹொக்கியனில் டான், கண்டோனீஸில் சான், மாண்டரினில் சென்: எழுத்து ஒன்றுதான். இவற்றுக்கெல்லாம் 'குடும்பப்பெயர்' என்ற தமிழ்ச் சொல் கச்சிதமாகப் பொருந்தும்.

நம் ஐசியில், அதாவது மலேசிய அடையாள அட்டையில், சொந்தப் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் இருக்கும் 'ஏ/எல்' அந்த வகை இல்லை. மலாயில் 'அனாக் லெலாக்கி', ஆண்பிள்ளை. 'அனாக்' என்றால் வெறும் பிள்ளை. ஆணா பெண்ணா என்று சொல்லாது. அதனால்தான் பின்னால் லெலாக்கி, பெண்ணுக்குப் பெரெம்புவான், அதாவது ஏ/பி. வெள்ளைக்காரன் காலத்து எஸ்/ஓ (சன் ஆஃப்), டி/ஓ (டாட்டர் ஆஃப்) இப்படி மலாய்ச் சட்டை போட்டுக்கொண்டது. தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதால் இது குடும்பப்பெயர் ஆகாது. கல்யாணமானாலும் பெண்ணின் ஐசியில் அப்பா பெயரே நிற்கும்.

அந்த ஐசி பிறந்த கதையில் எங்கள் ஊருக்கும் பங்குண்டு. 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது, 12 வயது தாண்டியவர்களுக்கெல்லாம் அடையாள அட்டையும் வந்தது. அதற்கு முன்பு தோட்டத்து ஆளுக்குப் பெயர் என்றால் கிராணியின், அதாவது தோட்டத்துக் குமாஸ்தாவின், செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் இருப்பதுதான். காதில் விழுந்ததை அவர் எழுதினார், லட்சுமி லெட்சுமி ஆனாள். எங்கள் வீட்டிலேயே அண்ணன் ஐசியில் முனியாண்டி 'ஒய்'யில் முடிகிறார், என்னுடையதில் 'ஐ'யில். காகிதத்தைப் பார்த்தால் எங்களுக்கு இரண்டு அப்பா.

தகப்பன் பெயரைச் சேர்த்துச் சொல்வது வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். சங்கப் புலவர் ஒருவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். நடுவில் நிற்கும் 'மகனார்' செய்கிற வேலை ஏ/எல் செய்யும் அதே வேலைதான், மரியாதை மட்டும் கூட. தொல்காப்பியம் இதற்குப் புணர்ச்சி விதியே வைத்திருக்கிறது: சாத்தன் மகன் கொற்றன் என்றால் 'சாத்தங்கொற்றன்'. தலைகீழாகவும் உண்டு. ஆதனின் தந்தை 'ஆந்தை'. பிசிர் என்ற ஊர்க்காரர் என்பதால் பிசிராந்தையார். ராத்திரியில் அலறும் பறவைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை! லயத்தில் 'செல்வி அப்பா' என்று கூப்பிடுகிறோமே, அதே வழக்கம்.

ஐஸ்லாந்துக்காரர்கள் பெரும்பாலும் இன்றும் நம்மைப் போலத்தான். அப்பா பெயரோடு மகனுக்கு 'சன்', மகளுக்கு 'டோட்டிர்'. ஸ்காட்லாந்தில் 'மாக்' என்றாலும் மகன்தான். உடனே உறவு கொண்டாடக் கிளம்பிவிடாதீர்கள். அது வெறும் ஒலி ஒற்றுமை.

ஆகவே தமிழில் எழுதும்போது ஏ/எல் இருக்கும் இடத்தில் 'மகன்', ஏ/பிக்கு 'மகள்' போதும். அழைப்பிதழில் தமிழ்ப் பெயர்களுக்கு நடுவே ஏ/எல் பல்லில் சிக்கிய நார் மாதிரி நிற்கிறது. சர்நேமுக்குக் குடும்பப்பெயர் சரியான சொல், அது உள்ளவர்களுக்கு. நமக்கு இருப்பது தந்தை பெயர். தமிழ்நாட்டு இனிஷியல், அதாவது தலைப்பெழுத்து, பெரும்பாலும் இந்தத் தந்தை பெயரின் சுருக்கம்தான்.

விமான டிக்கெட்டுக்காரர்களின் கணினிக்கு நடுவிலுள்ள சாய்கோடு ஆகாது. அதை விழுங்கிவிட்டு இரண்டு எழுத்தையும் ஒட்டி அச்சடித்தார்கள். தம்பியின் கல்லூரிப் பதிவிலும் அப்படியே ஏறிவிட்டது. அங்கே கூட்டாளிகள் இன்னமும் அவனை 'அல்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.