தேடுபொறிக்குப் போய்ச் சேராத ஆவணம்

கவுச்பேஸ் தரவுத்தளத்தை எலாஸ்டிக்சர்ச் தேடுபொறியுடன் பழைய செருகுநிரல் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கப்படும் சிறு மென்பொருள்) வழியாக இணைத்துவிட்டோம், நிர்வாகப் பக்கமும் நகலெடுப்பு நடப்பதாகவே காட்டுகிறது, ஆனால் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை என்ற நிலையில், அமைப்புகளை வரிசையாக மாற்றிப் பார்ப்பது குழப்பத்தையே கூட்டும். ஒரே ஓர் ஆவணத்தைப் பிடித்துக்கொண்டு, அது வழியில் எங்கே நின்றது என்று பார்ப்பதே மேல்.

கவுச்பேஸின் எக்ஸ்டிசிஆர் (XDCR) என்ற நகலெடுப்பு வசதி, ஒரு கவுச்பேஸ் தொகுதியிலிருந்து (சேர்ந்து இயங்கும் சர்வர்களின் கூட்டம்) இன்னொரு கவுச்பேஸ் தொகுதிக்குத் தரவை அனுப்புவதற்காக உருவானது. அதற்குத் தேடுபொறி என்றால் என்னவென்றே தெரியாது. ஆகவே, எலாஸ்டிக்சர்ச்சுக்குள் நிறுவப்படும் அந்தப் பழைய செருகுநிரல் தன்னையும் ஒரு கவுச்பேஸ் தொகுதியாகக் காட்டிக்கொண்டு, வரும் ஆவணங்களை வாங்கி, எலாஸ்டிக்சர்ச் தேடலுக்காக வைத்திருக்கும் அட்டவணையில் (index) சேர்க்கிறது. கோளாறுகளில் பாதி இந்த வேடம் கலைவதால் வருபவை.

முதலில் முகவரி. எலாஸ்டிக்சர்ச்சின் வழக்கமான 9200 போர்ட்டை இலக்காகக் கொடுப்பது பலர் செய்யும் பிழை; செருகுநிரல் காத்திருப்பது 9091-இல். அடுத்து நெறிமுறை: எக்ஸ்டிசிஆரின் இரண்டாம் பதிப்பு மெம்கேஷ்டு (memcached) என்ற நெறிமுறையில் பேசும், செருகுநிரலுக்கோ இணையப் பக்கங்களுக்குப் பயன்படும் எச்டிடிபி வழிச் செல்லும் முதல் பதிப்பு மட்டுமே புரியும். நகலெடுப்பை உருவாக்கும்போது மேம்பட்ட அமைப்புகளில் முதல் பதிப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், இணைப்பு அமைந்ததுபோல் தோன்றினாலும் ஆவணங்கள் நகராது. மூன்றாவது, விபக்கெட் எண்ணிக்கை; விபக்கெட் (vBucket) என்பது தரவைப் பிரித்து வைக்கும் கூறு. கவுச்பேஸ் ஒவ்வொரு ஆவணத்தின் சாவிக்கும் (அதன் தனி அடையாளப் பெயர்) சிஆர்சி32 என்ற சூத்திரப்படி ஓர் எண்ணைக் கணக்கிட்டு, ஆவணத்தை வழக்கமாக 1024 விபக்கெட்டுகளில் ஒன்றில் வைக்கிறது. மேக் கணினியில் அவை 64. மேக்கில் சோதித்ததை அப்படியே லினக்ஸ் சர்வருக்குக் கொண்டுபோகிறவர்கள் இடறுவது இங்கேதான், ஏனெனில் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை இருந்தாக வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சில ஆவணங்கள் மட்டும் விடுபட்டால், காரணம் பெரும்பாலும் மேப்பிங், அதாவது ஆவணத்தின் ஒவ்வொரு புலமும் (தரவுப் பகுதியும்) எந்த வகை என்று சொல்லும் வரையறை. முதலில் வரும் ஆவணத்தில் ஒரு புலத்தின் மதிப்பு ‘2015-03-04’ என்றிருந்தால், எலாஸ்டிக்சர்ச் அதைத் தேதிப் புலம் என்று தானாகவே முடிவு கட்டிவிடும். பிறகு அதே புலத்தில் ‘தெரியவில்லை’ என்ற சொல்லோடு வரும் ஆவணத்தை அது ஏற்க மறுக்கும். எலாஸ்டிக்சர்ச்சின் பதிவேட்டைத் திறந்தால் மறுப்பின் காரணம் பெரும்பாலும் புலத்தின் பெயரோடு எழுதப்பட்டிருக்கும் (கவுச்பேஸ் பக்கத்துப் பதிவேட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது). ஏற்கெனவே பதிந்த புலத்தின் வகையை மாற்ற இயலாது என்பதால், சரியான மேப்பிங்கோடு புதிய அட்டவணையை உருவாக்கி, நகலெடுப்பையும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. ஆவணத்தை அதன் சாவியைக் கொண்டு எலாஸ்டிக்சர்ச்சிடம் நேரடியாகக் கேட்டால் கிடைக்கிறது, தேடலில் மட்டும் வரவில்லை என்றால், நகலெடுப்பில் குற்றமில்லை. புதிய ஆவணம் தேடலுக்குத் தயாராகும் இடைவெளி இயல்பாக 1 நொடி. அதற்குப் பிறகும் வரவில்லையென்றால், தேடும் புலத்தின் பெயரைப் பாருங்கள். செருகுநிரல் மூல ஆவணத்தை ‘டாக்’ (doc) என்ற உறைக்குள் வைத்துச் சேமிப்பதால், புலத்தின் பெயருக்கு முன் அந்தச் சொல்லும் ஒரு புள்ளியும் சேர வேண்டும்.