கிரெடிட் போட்டால் போதாது, ஆப்பை அழித்தாலும் தீராது

போன வாரம் மறுபடியும் ஒரு வக்கீல் நோட்டீஸ். இந்த முறை கருங்கல் ஊர்ப் பக்கத்து ஸ்டுடியோக்காரர். ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவில் எடுத்த வீடியோவில் ஒரு சினிமாப் பாட்டை முழுசாக ஓட்டி, யூடியூபில் ஏற்றி, விளம்பர வருமானமும் வாங்கியிருக்கிறார். பாட்டின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனம் இழப்பீடு கேட்கிறது. உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "கீழ கிரெடிட் போட்டிருக்கேம்லா சார்."

நாகர்கோவிலில் வக்கீல் தொழில் பார்க்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர்களும் சரி, ஆலயத் திருவிழாவை நேரலை செய்யும் பையன்களும் சரி, எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டெழுதியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் சொல்வது அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய தனிக் கடமை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவில் அதைச் சொல்கிறது. பாட்டைப் பயன்படுத்த அனுமதி வாங்குவது இன்னொரு கடமை. அது 30ஆம் பிரிவில் வருகிறது. உரிமையாளர் எழுத்தில் தரவேண்டும். முதலாவதைச் செய்துவிட்டதால் இரண்டாவது தானாக வந்துவிடாது. அடுத்தவர் தோப்பில் தேங்காய் பறித்துவிட்டு, "இது இன்னார் தோப்புக் காய்" என்று பெயர் சொல்லி விற்றால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

'காப்பிரைட்டை மீறும் நோக்கம் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறார்களே, அது இன்னும் மோசம். எதிர்த்தரப்புக்கு நான் வக்கீலாக இருந்தால் அந்த வரியைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவேன். பாட்டு தன்னுடையது அல்ல என்று தெரிந்தேதான் போட்டார் என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம். தண்டனைப் பிரிவு தெரிந்து செய்வதைத்தானே கேட்கிறது!

30 விநாடி வரை போடலாம் என்று ஒரு நம்பிக்கை. சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. 52ஆம் பிரிவு சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி என்று சில காரியங்களுக்கு நியாயமான அளவில் எடுத்தாள விடுகிறது. அங்கே நோக்கத்தைப் பார்ப்பார்கள். விநாடியை மட்டும் எண்ணித் தப்ப முடியாது. 'நான் லாபம் பார்க்கவில்லை' என்பதும் தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிர குற்றத்தை இல்லாமல் ஆக்காது. தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் இதைப் பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. விளையாட்டுக் காரியம் அல்ல.

"கல்யாண வீட்டுல பாட்டு போடலாம்னு கவர்மெண்டே சொல்லியிருக்கே?" ஆமாம், சொல்லியிருக்கிறது. மதச் சடங்கிலும், கல்யாண ஊர்வலத்திலும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு ஒலிபரப்புவது மீறல் ஆகாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு அதைச் சுற்றறிக்கையாகவும் நினைவூட்டியது. ஆனால் அந்தச் சலுகை மண்டபத்து வாசலோடு நின்றுவிடும். அதே பாட்டை வீடியோவில் சேர்த்து உலகத்துக்கே ஏற்றுவது வேறு காரியம். இன்ஸ்டாகிராமில் கிடைக்கும் பாட்டும் அப்படித்தான். தனி ஆள் ரீல் போடத் தந்திருப்பதை எடுத்துக் கடைக்கு விளம்பரம் செய்ய முடியாது. யூடியூபுக்குக் கொண்டுபோகவும் முடியாது. பக்திப் பாட்டாக இருந்தாலும் இதே கதைதான். பாடியவரும் பதிவு செய்தவரும் இருக்கிறார்கள்.

இதில் எனக்கு உண்மையிலேயே வலிப்பது நம்ம ஊர் வில்லிசைக் கலைஞர்கள் நிலைமை. கொடைக்கு வந்து ராத்திரி முழுக்கப் பாடுகிறார்கள். கோவில் கமிட்டி பேசிய தொகையைக் கொடுக்கிறது. மறுநாள் முழு நிகழ்ச்சியும் யாரோ ஒருவருடைய சேனலில் விளம்பரத்தோடு ஓடுகிறது. பாடியவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும், பதிவை மக்களுக்குக் கொண்டுபோகவும் அனுமதிக்கும் உரிமை நிகழ்த்தியவருக்கே என்று 38ஏ பிரிவு சொல்கிறது. 50 ஆண்டுக்கு அது செல்லும். அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு தாளில், வீடியோவை யார் ஏற்றலாம், வருமானத்தில் குழுவுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள் அண்ணாச்சி. கமிட்டிக்காரர்களும் இதை மரியாதைக் குறைச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் நீங்கள்தான். 17ஆம் பிரிவு. உங்கள் மகள் கல்யாண வீடியோவைக் கேட்காமலே தன் விளம்பரத்துக்குப் போடும் ஸ்டுடியோவிடம் அதை நீக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. இதைச் சொன்னால் கேட்பவர்கள் நம்ப மறுக்கிறார்கள்! ஆர்டர் பாரத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இல்லாத உரிமைக்கு வாதாட வருகிறவர்கள், இருக்கிற உரிமையைக் கேட்க மட்டும் வருவதில்லை. பணி ஓய்வு பெற்ற ஒரு டீச்சர், வேறு காரியமாக வந்தவர், பாஸ்புக்கைக் காட்டினார்கள். ஏதோ ஒரு ஓடிடி மாதாமாதம் பணம் எடுத்துக்கொண்டே இருக்கிறது. "ஆப்பை எப்பவோ அழிச்சாச்சே தம்பி" என்றார்கள். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. போனில் கூகுள் பிளே, யுபிஐ ஆப், வங்கிக் கணக்கு மூன்றிலும் 'சப்ஸ்கிரிப்ஷன்' அல்லது 'ஆட்டோபே' எங்கே இருக்கிறது என்று தேடி, அங்கே நிறுத்தவேண்டும். தொடர்ந்து எடுக்கும் பணத்துக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்குத் தகவல் வரவேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழியும் இருக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்திகளைப் படிக்காமல் அழிக்காதீர்கள்.

சேர்வது ஒரே தட்டலில் முடிகிறது, விலகப் போனால் பத்துப் பக்கம் சுற்றவிடுகிறார்கள் என்றால் அதற்குப் பெயரே சந்தாப் பொறி. 2023 நவம்பர் 30 அன்று வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் தடை செய்த 13 தந்திரங்களில் அதுவும் ஒன்று. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டியை உங்கள் சம்மதம் என்று சொல்லவும் முடியாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் அதை அனுமதிப்பதில்லை.

'வாங்கு' என்ற பொத்தானை அழுத்திப் பணம் கட்டிய படமும் புத்தகமும்கூட உங்களுடையது அல்ல, பார்க்கும் உரிமம் மட்டும்தான் என்பது பலருக்குத் தெரியாது. 2009இல் அமேசான், வாசகர்கள் விலைக்கு வாங்கியிருந்த சில மின்னூல்களை அவர்களுடைய கிண்டிலிலிருந்தே அழித்தது. கலிபோர்னியாவில், உரிமம் மட்டும்தான் தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக்கூடாது என 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. இங்கே அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் 'ஐ அக்செப்ட்' அழுத்திவிட்டோம், எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். நுகர்வோருக்குப் பெரும் பாதகமான ஒருதலை நிபந்தனை செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு இருக்கிறது.

தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் கிடக்கிறவர்கள். நெட் கிடையாது. சந்தா கட்டி ஆப்பில் இறக்கி வைத்த படம் பெரும்பாலும் கெடு முடிந்து, போட் கரைக்குத் திரும்புமுன்னே திறக்காமல் போகிறது. செல்போன் கடையில் மெமரி கார்டில் ஏற்றிய திருட்டுப் படமோ எத்தனை நாளும் ஓடும். காசு கட்டியவனுக்கு இந்த அநியாயம் ஏன் என்று என்னிடம் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கம்பெனிகள்தான் பதில் சொல்லவேண்டும், புகாராக எழுதுங்கள். ஆனால் காசுக்குப் படம் ஏற்றிக்கொடுக்கும் கடைக்காரத் தம்பி, நீ அதை விட்டுவிடு. தியேட்டரில் படத்தைப் பதிவு செய்தால், திரைப்படச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு அபராதமே 3 லட்சத்தில்தான் தொடங்குகிறது. டெலிகிராமில் வரும் 'இலவச ஓடிடி' ஆப் நிறுவும் ஏபிகே கோப்பை யாரும் தொடவே தொடாதீர்கள். தொட்டுப் பணம் போனால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

சந்தாப் பணத்துக்கு முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்வு தரவேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய விலை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை, இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். 2 வருடக் கெடுவை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

காப்பிரைட் நோட்டீஸ் வந்தால் பயந்துபோய் உடனே பணம் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு உரிமை எப்படி வந்தது என்று ஆவணம் கேளுங்கள். வெறும் மிரட்டல் என்றால் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் நீங்களே அவர்மேல் வழக்குப் போடலாம். வீடியோவை அழிப்பதற்கு முன் பக்கத்தையும் வருமானக் கணக்கையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என்னிடம் வந்தாலும் வேறு வக்கீலிடம் போனாலும் நோட்டீஸ் வந்த கவரைக் கிழித்துப் போடாமல் கொண்டுபோங்கள். தபால் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கும், பதிலுக்கான நாளை எண்ண அது உதவும்.