வெஸ்டர்ன்னா "மேற்கத்திய தொடர்" இல்லீங்க

போன வாரம் ஹாலிவுட் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் பத்தின ஒரு டாக்குமெண்டரிய தமிழ் சப்டைட்டிலோட பார்த்துட்டு இருந்தேன், அதுல "மேற்கத்திய தொடர் ஒன்றில் நடித்துப் புகழ்பெற்றார்"னு ஒரு வரி ஓடுச்சு. அப்படியே நிறுத்திட்டேன். குதிரை, துப்பாக்கி, கௌபாய்னு வருமே, அந்தக் கதை வகைக்கு இங்கிலீஷ்ல வெஸ்டர்ன்னு பேரு, அதத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்காங்க. அமெரிக்காக்காரர் அமெரிக்க டிவில நடிச்சா அது மேற்கத்திய தொடரா இல்லாம வேற என்னவா இருக்கும்? படிக்கிறவனுக்கு இந்த வரி என்ன சொல்லுது? ஒண்ணுமே சொல்லல. இதே தப்ப எத்தனை தடவைதான் பாக்குறது.

வெஸ்டர்ன் படம், வெஸ்டர்ன் கதைன்னு சொல்லிச் சொல்லி பின்னாடி இருந்த சொல் உதிர்ந்து வெஸ்டர்ன் மட்டும் நின்னுடுச்சு. இந்த மேற்கு அமெரிக்காவோட மேற்கு, மிசிசிப்பி ஆத்துக்கு அந்தாண்ட இருக்குற டெக்சஸ், கன்சாஸ், நெவாடா, நியூ மெக்சிகோ பக்கம். காலம் பெரும்பாலும் 1865ல உள்நாட்டுப் போர் முடிஞ்சதுக்கு அப்புறம் ஒரு இருபத்தஞ்சு முப்பது வருஷம். அவ்வளவுதான் அர்த்தம்.

தமிழ்ல "மேற்கத்திய"ங்கிற சொல் ஏற்கனவே வேற வேலைக்குப் போயாச்சு. மேற்கத்திய இசை, மேற்கத்திய உடை, மேற்கத்திய மருத்துவம், இங்கெல்லாம் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்த மொத்த மேற்கு. ஸ்பெகட்டி வெஸ்டர்ன்னு ஒண்ணு இருக்கே, இத்தாலிக்காரங்க ஸ்பெயின்ல போயி எடுத்தது, அதையும் மேற்கத்தியப் படம்னு எழுதினா இத்தாலி மேற்கா, கதை நடக்குற இடம் மேற்கா? அகராதியில முதல்ல இருக்குற சொல்ல எடுத்து ஒட்டிட்டுப் போறதுக்குப் பேரு மொழிபெயர்ப்பு இல்ல.

சரி, "கௌபாய் தொடர்"னு சொல்லிடலாமேன்னு நிறைய பேர் சொல்றாங்க, காமிக்ஸ் படிச்சு வளர்ந்த எல்லாருக்கும் அது பழகின சொல், எனக்கும்தான். அதையே தமிழாக்குறேன்னு "மாட்டிடையர் தொடர்"னு ஒருத்தர் எழுதியிருந்தார். இதுதான் எனக்குப் பெரிய சண்டை. அமெரிக்க டிவில ஓடுன வெஸ்டர்ன் தொடர்கள்ல ஹீரோ யாருன்னு ஒவ்வொண்ணா பாருங்க. கன்ஸ்மோக், 1955லேர்ந்து 1975 வரைக்கும் 20 வருஷம், 635 எபிசோடு, அதுல ஜேம்ஸ் ஆர்னஸ் செஞ்ச மேட் டில்லன் டாட்ஜ் சிட்டியோட மார்ஷல், அதாவது சட்டத்த காக்குற அதிகாரி. (ஆர்னஸ் ஆறடி ஏழங்குல ஆளு, ரெண்டாம் உலகப் போர்ல இத்தாலியில கால்ல குண்டு பட்டவர், அந்தக் காலோடதான் 20 வருஷமும் அந்தத் தெருவுல நடந்தார்.) மேவரிக்ல ஜேம்ஸ் கார்னர் சீட்டாடிப் பொழைக்கிறவர். ஹேவ் கன் வில் ட்ராவல்ல ரிச்சர்ட் பூன் கூலிக்குத் துப்பாக்கி எடுக்குறவர், அதுவும் சான் பிரான்சிஸ்கோல பெரிய ஓட்டல்ல தங்கிக்கிட்டு. ரைஃபிள்மேன்ல சக் கானர்ஸ் பொண்டாட்டிய இழந்து மகனத் தனியா வளக்குற பண்ணைக்காரர். பொனான்சால லோர்ன் கிரீன் மூணு பிள்ளைங்களோட பெரிய நிலக்கிழார், மூணு பிள்ளைக்கும் மூணு அம்மா, மூணு பேரும் செத்துப்போனவங்க, அது 14 சீசன் ஓடுன குடும்பக் கதை. இதுல எவருங்க மாட்டிடையர்? நெசமா மாடு பத்துறவங்களப் பத்தின தொடர்னா ராஹைட் ஒண்ணச் சொல்லலாம், டெக்சஸ்லேர்ந்து மிசோரி வரைக்கும் ஆயிரக்கணக்குல மாட்ட பத்திக்கிட்டுப் போற கதை. ஈஸ்ட்வுட் 1959லேர்ந்து நடிச்சது அதுலதான்.

அப்போ இதெல்லாத்தையும் ஒரே வகைன்னு சேக்குறது எது? இடம். ஊர் இருக்கு, கோர்ட்டு ரொம்ப தூரம். ரயில் இப்பதான் வருது. ஒருத்தன் தப்பு பண்ணா அவன நிறுத்தி வைக்க அங்க நிக்கிற நாலு பேரு மட்டும்தான். அதுல ஒருத்தன் எழுந்து நிக்கிறானா இல்லையாங்கிறதுதான் கதை, இன்னைக்கும் அதுக்காகத்தான் ஜனங்க உக்காந்து பாக்குறாங்க. குதிரைக்காக மட்டும் யாரும் எழுபது வருஷம் கழிச்சு ஒரு தொடரப் பாக்க மாட்டாங்க.

இதப் புரிஞ்சவங்க சிலர் "மேலெல்லைப் புனைவு"ன்னு போடுறாங்க, அதாவது மேற்கு எல்லைக் கதை. தனித்தமிழ், நல்லாதான் இருக்கு, ஆனா எல்லைன்னா யாருக்கு எல்லை? கிழக்கேர்ந்து வந்து குடியேறினவனுக்குத்தான் அது எல்லை. அங்கயே பொறந்த பூர்வகுடிக்கு அது வீடு. லோன் ரேஞ்சர்ங்கிற தொடர்ல ஹீரோவோட பூர்வகுடித் தோழன் டோன்டோவா நடிச்ச ஜே சில்வர்ஹீல்ஸ் நெசமாவே மோஹாக்ங்கிற பூர்வகுடி இனத்தவர், பூர்வகுடி ஜனங்களும் இந்தக் கதைகள்ல இருக்காங்க, அவங்கள வெளிய தள்ளிட்டு ஒரு சொல் வேண்டாம். இன்னொருத்தர் "குடபுலக் கதை"ன்னார். குடக்குன்னா மேற்குதான், சங்கத்தமிழ்தான், ஆனா படிக்கிறவன்ல பாதிப்பேரு தண்ணிக்குடம்னுதான் நினைப்பான்.

நான் சொல்றது மேற்குச்சீமை. மேற்குச்சீமைத் தொடர், மேற்குச்சீமைக் கதை. சீமைங்கிற சொல்லுக்கு மூலத்துல எல்லைன்னுதான் அர்த்தம், அப்புறம் நம்ம வாயில அது ஒரு வட்டாரத்துக்கே பேராச்சு, சிவகங்கைச் சீமைன்னு சொல்றோம்ல. கடல் தாண்டின நாட்டையும் சீமைன்னோம். மண்ணு, தூரதேசம், ரெண்டும் ஒரே சொல்லுல இருக்கு, எல்லைங்கிற பழைய அர்த்தம் இப்போ யார் காதுலயும் விழாது. வடமொழிச் சொல்லாச்சேன்னு தனித்தமிழ்க்காரங்க கோவிச்சுக்குவாங்க. எனக்கும் தனித்தமிழ் மேல பிரியம் உண்டு, ஆனா பாட்டியும் பேரனும் கேட்டதும் புரிஞ்சுக்குற சொல்ல தூக்கிப்போட்டுட்டு பொருள் சொல்லி விளக்க வேண்டிய சொல்ல வைக்கிறது மொழிக்குச் செய்யிற உதவி இல்ல. கௌபாய கௌபாயாவே விடுங்க, இல்லாட்டி மாடு பத்துறவர்னு எழுதுங்க. ஸ்பானியக்காரங்களும் மாடு பத்துறவருக்கு, பசுவுக்கான சொல்லுலேர்ந்துதான் வக்கேரோன்னு பேரு வச்சாங்க.

அந்த சப்டைட்டில் வரி இப்படி இருந்திருக்கணும்: "ராஹைட் என்கிற மேற்குச்சீமைத் தொடரில் மாடு பத்துபவராக நடித்துப் பேர் வாங்கினார்."